மியூரன் மலைக்கிராமத்தில் சாப்பாடும் இரவுப்பொழுதும்: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெர்ன் நகரில் குடியேறிய நாளிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒரு உறவினர் வந்து இறங்குவார். பெரியப்பா குடும்பம், கல்லூரி நண்பன், நண்பனின் மாமனார் மாமியார் என்று வரிசை நீளும். எல்லோருக்கும் ஆல்ப்ஸ் மலையில் ஒரு கிராமத்தில் இரண்டு இரவு தங்க ஆசை. நான் பெரும்பாலும் மியூரனுக்குத்தான் அனுப்புவேன். அனுப்பிய பிறகு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் ஆள் மாறினாலும் மாறுவதில்லை. முக்கால்வாசி வயிற்றைப் பற்றியவை, மீதி "ராத்திரி அங்கே என்ன செய்வது?" என்பது. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் இனி லிங்க் அனுப்பினால் போதும் என்று இதை எழுதுகிறேன்.

மியூரன் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் மேற்குப்பக்கப் பாறை விளிம்பில், சுமார் 1,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பதுபோல எதிரே ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் என மூன்று மலைகள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஐந்நூறு பேருக்கும் குறைவு. கார் கிடையாது, வெளியாள் வண்டி ஓட்டி வரச் சாலையும் கிடையாது.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து லௌட்டர்புருன்னன் வரை ரயில். அங்கிருந்து ஒரு ரோப் காரில் குரூட்ச்ஆல்ப், பிறகு மலை விளிம்பிலேயே ஊர்ந்து போகும் குட்டி ரயில். இது ஒரு வழி. இன்னொரு வழி, பேருந்தில் ஷ்டெக்கல்பெர்க் போய் 2024 டிசம்பரில் திறந்த புதிய ரோப் கார் ஏறுவது. நாலே நிமிடத்தில் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு போய் மேலே விடும். உயரம் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் முதல் வழியிலேயே போகட்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சாப்பிடப்போகும் ஒவ்வொரு தக்காளியும், பால் பாக்கெட்டும், பீர் பீப்பாயும் இப்படிக் கம்பியில் தொங்கித்தான் மேலே வருகிறது. கீழே உள்ள பல கேள்விகளுக்குப் பதில் இதில்தான் கிடக்கிறது.

இரவு எத்தனை மணி வரை சாப்பாடு கிடைக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஆறரை மணிக்கு உட்காருங்கள், ஏழு என்றாலும் பரவாயில்லை. எட்டரைக்கு மேல் போனால் உங்கள் அதிர்ஷ்டம். பெரும்பாலான சமையலறைகளில் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். உணவகம் திறந்திருக்கும், விளக்கு எரியும், ஆட்கள் சிரித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு மட்டும் சாப்பாடு கிடைக்காது. வாசல் பலகையில் 'வார்மெ கூஹெ' என்று ஜெர்மன் மொழியில் ஒரு நேரம் போட்டிருக்கும். சூடான சமையல் எத்தனை மணி வரை என்று அர்த்தம். கடை மூடும் நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், இந்த நேரத்தைப் பாருங்கள்.

நானே ஏமாந்திருக்கிறேன். முதல் தடவை போனது ஒரு ஜூன் மாதம். வெளிச்சத்தை நம்பிவிட்டேன். ஜூனில் இங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகும். பனிமலை ரோஜா நிறமாவதைப் பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்பது பத்துக்கு ஒரு உணவகத்துக்குள் நுழைந்தால் பரிமாறும் பெண் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். அடுத்த இடத்திலும் அதேதான். மூன்றாவது இடத்தில் பரிதாபப்பட்டு இரண்டு பாக்கெட் சிப்ஸும் ஒரு கிண்ணம் ஆலிவ் காயும் கொடுத்தார்கள். சூரியன் மறைவதற்குள் அடுப்பு அணைகிற ஊரை அன்றுதான் பார்த்தேன்.

கோபித்துக்கொள்ளவும் முடியாது. சமையல்காரரும் பரிமாறுகிறவரும் அந்தச் சின்ன ஊரிலேயே ஓர் அறையில் தங்கி, காலை உணவுக்கு மறுபடி எழுந்து வருகிறவர்கள். ஒருவர் போனால் மாற்று ஆள் கீழிருந்து ரோப் காரில்தான் வர வேண்டும்.

எந்த மாதத்தில் போனால் எல்லாம் மூடியிருக்கும்?

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே கடைசி வரை ஒரு தடவை, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை இன்னொரு தடவை ஊர் உறங்கும். பனிச்சறுக்கு முடிந்து நடைப்பயணம் தொடங்காத காலம், நடைப்பயணம் முடிந்து பனி விழாத காலம். ஓட்டல்காரர்கள் வண்ணம் அடிப்பார்கள், ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள், ரோப் காரையும் சில நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். அறை வாடகை மலிவாகத் தெரிகிறதே என்று நவம்பரில் புக் செய்யாதீர்கள். சாப்பிட ஒன்றிரண்டு இடம் திறந்திருந்தாலே அதிகம். பள்ளி விடுமுறைக்காக மே மாதத்தில் கிளம்பி வருகிற நம்மவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வது.

சீசனிலும் ஒவ்வொரு உணவகத்துக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை உண்டு. 'ரூஹெடாக்' என்று பலகையில் இருந்தால் இன்று ஓய்வு நாள்.

மேசைக்கு முன்பதிவு வேண்டுமா?

வேண்டும். காலை உணவின்போதே தங்கியிருக்கும் ஓட்டல் வரவேற்பில் சொல்லிவிட்டால் அவர்களே போன் செய்து பிடித்துக் கொடுப்பார்கள். பிப்ரவரி பள்ளி விடுமுறையிலும் ஆகஸ்டிலும் முதல் நாளே சொல்லுங்கள்.

பல ஓட்டல்களில் 'ஹால்ப்பென்சியோன்' என்று காலைச் சிற்றுண்டியோடு இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துத் தருவார்கள். மூன்று நாலு சுற்றாக வரும், கணக்குப் பார்த்தால் மலிவு. ஆனால் அன்றைய மெனு அவர்கள் முடிவு செய்வது. கறி சாப்பிடுகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வேன். சைவக்காரர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்லாவிட்டால் மூன்று நாளும் அவித்த காய்கறித் தட்டுதான் வரும். என் பெரியம்மா அதற்கு 'ஆஸ்பத்திரிச் சாப்பாடு' என்று பெயர் வைத்தார்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

நினைப்பதைவிட அதிகமாகவே கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி ஒளிந்திருக்கும்.

ரோஷ்டியிலிருந்து தொடங்குவோம். அவித்த உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் அடை மாதிரி இருபுறமும் முறுகலாக வறுப்பது. இந்த பெர்ன் மாநிலத்து விவசாயிகளின் காலை உணவாக இருந்தது. மேலே உருக்கிய சீஸும் முட்டையும் போட்டுத் தருவார்கள். கண்ணி என்னவென்றால் பெர்ன் பாணி ரோஷ்டியில் பன்றிக்கறித் துண்டுகளைக் கலந்தே வறுப்பார்கள். மெனுவில் 'ஷ்பெக்' என்ற சொல்லைக் கண்டால் உஷார். "ஓனெ ஷ்பெக்" என்றால் அது இல்லாமல். இதைச் சொல்ல மறந்த என் நண்பன் ஒருவன் தட்டில் வந்த சிவப்புத் துண்டுகளை மிளகாய் வற்றல் என்று நினைத்து ஆசையாக முதல் வாய் வைத்தான்.

அடுத்தது எல்ப்ளர்மக்ரோனன். மலைமேல் மாடு மேய்க்கிறவர்களின் சாப்பாடு. மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், க்ரீம், மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். பக்கத்தில் ஆப்பிள் கூழ் ஒரு கிண்ணம். இனிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஒரு வாய் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வெண்பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள வெல்லம் கேட்கிற ஆட்களை அதற்குப் பிறகு கிண்டல் செய்ய மாட்டீர்கள். இதிலும் சில இடங்களில் கறித்துண்டு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

சூப் விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. பெயர் காய்கறி சூப்பாகவே இருக்கும், அடியில் இருப்பது மாட்டெலும்புச் சாறாக இருக்கும். "இதில் கறி இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் சாறு கறி ஆகாது. "கறிச்சாறு சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். 'ஷ்பெட்ஸ்லி' என்கிற சின்ன மாவுத் துண்டுகளில் முட்டை உண்டு.

ரொம்பக் கறாரானவர்களுக்கு மட்டும் ஒன்று: கிரூயேர் போன்ற மரபான சுவிஸ் சீஸ்களில் பாலைத் திரிய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட். இங்கே அதை யாரும் அசைவமாக நினைப்பதில்லை. என் மாமனாரிடம் இதைச் சொல்லாமலே இரண்டு பயணம் ஓட்டிவிட்டேன். மூன்றாவது தடவை அவராகவே எங்கோ படித்துவிட்டு வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

ஃபோண்டூ எப்படிச் சாப்பிடுவது?

சிவப்பு அல்லது பழுப்பு நிறத்தில் கனமான ஒரு சட்டி வரும். அடியில் சின்னதாக ஸ்பிரிட் அடுப்பு. சட்டியின் உள்புறம் பூண்டைத் தேய்த்து, வெள்ளை ஒயினைச் சூடாக்கி, துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருப்பார்கள். பாதி கிரூயேர், பாதி வாஷ்ரான் என்பது பிரபலமான கலவை. கடைசியில் கிர்ஷ் என்கிற செர்ரிச் சாராயம் ஒரு சொட்டு. ஆக மதுவைத் தொடாதவர்கள் ஃபோண்டூவைத் தொடுமுன் கேளுங்கள். மது இல்லாமல் செய்து தரும் இடங்கள் உண்டு, முன்கூட்டியே சொன்னால் நல்லது.

நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்துங்கள். மேல்தோல் வரை குத்தினால் வழுக்கி விழாது. சட்டிக்குள் விட்டு அடி வரை கிண்ட வேண்டும், எட்டு போடுவதுபோல. மேலாக நனைத்து எடுத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அடியில் சீஸ் பிடித்துத் திரிந்துபோகும், எதிரில் இருப்பவர் முறைப்பார். வெளியே எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் அறும். உடனே வாயில் வைக்காதீர்கள். நாக்கு பொத்துப்போய் மறுநாள் காப்பிகூடக் குடிக்க முடியாமல் இருந்த ஆள் சொல்கிறேன். ரொட்டி உள்ளே விழுந்தால் அபராதம் உண்டு. மேசைக்கு ஒரு பாட்டில் வாங்கித் தருவது, எழுந்து பாடுவது என்று ஆளுக்கொரு சட்டம்.

முக்கால் மணி நேரத்தில் சட்டி காலியாகும். அப்போது அடுப்பை அணைக்கச் சொல்லிவிடாதீர்கள். அடியில் வட்டமாக ஒரு மொறுமொறு ஏடு ஒட்டியிருக்கும். பரிமாறுகிறவர் கத்தியால் நெம்பி எடுத்து உடைத்துக் கொடுப்பார். வீட்டில் பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைச் சுரண்டித் தின்ற பிள்ளைகளுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். எனக்கு அந்த ஏட்டுக்காகத்தான் ஃபோண்டூவே.

குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் கட்டியாகிவிடும் என்று இவர்கள் சத்தியம் செய்வார்கள். வெள்ளை ஒயின் அல்லது சூடான கறுப்புத் தேநீர்தான் குடிக்க வேண்டுமாம். அது எவ்வளவு உண்மையோ, ராத்திரி ஒன்பது மணிக்கு இருநூறு கிராம் சீஸ் உள்ளே போனால் எதைக் குடித்தாலும் தூக்கம் கனமாகத்தான் வரும். சீக்கிரம் சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராக்லெட்?

வலே மாநிலத்துச் சீஸை அனலில் காட்டி உருகிய பக்கத்தை வழித்து, அவித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுவது. கூடவே ஊறுகாய் வெள்ளரியும் சின்ன வெங்காயமும். குழந்தைகளுக்கு ஃபோண்டூவைவிட இது பிடிக்கும். இதில் ஒயின் கிடையாது.

இந்தியச் சாப்பாடு, தயிர் சாதம் கிடைக்குமா?

மியூரனில் நம்பி வராதீர்கள். இன்டர்லாக்கனில் இந்திய உணவகங்கள் நிறைய இருக்கின்றன, யுங்ஃபிராவ்யோஹ் மலைக்கணவாய் ரயில் நிலையத்தில்கூட 'பாலிவுட்' என்ற பெயரில் ஒன்று உண்டு. மியூரனில் 'கறி' என்று மெனுவில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் தித்திப்பாக ஒரு குழம்பு, சில சமயம் வாழைப்பழமும் அன்னாசியும் மிதக்கும். அதற்குப் பதில் ரோஷ்டியே உத்தமம்.

ஆனால் இந்நாட்டு உணவகங்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்களில் ஏராளமானோருக்கு முதல் வேலை சுவிஸ் உணவகங்களின் பின்கட்டில்தான் கிடைத்தது. பாத்திரம் கழுவத் தொடங்கி, சமையல்காரராகி, சொந்தக் கடை வைத்தவர்கள் பலர். அதனால் எதிரே பனிமலை தெரிகிற ஓர் உணவகத்தில் உங்களுக்கு ரோஷ்டி வறுத்துக் கொடுப்பது யாழ்ப்பாணத்துக்காரராக இருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் பள்ளத்தாக்கில் ஓர் இடத்தில் நாங்கள் சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். சமையலறைக் கதவு திறந்து வெள்ளை உடுப்போடு ஒருவர் எட்டிப் பார்த்தார். "தமிழோ? எவடம்?" என்றார். கோயம்புத்தூர் என்றதும், "உறைப்பு காணாது போல கிடக்கு, பொறுங்கோ" என்று உள்ளே போனார். கையளவு கிண்ணத்தில் வறுத்த மிளகாய்த்தூள் வந்தது. கடை மெனுவில் இல்லாதது, ஊழியர்கள் சாப்பாட்டுக்காக அவர் வைத்திருந்தது. என் அப்பா அதை ரோஷ்டி மேல் தூவிச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணை, இதுதான் சாப்பாடு" என்றார். எழுபது வயதுக்காரர் ஐம்பது வயதுக்காரரை 'அண்ணை' என்று கூப்பிட்டதைச் சமையல்காரர் இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார். பில்லில் அந்தக் கிண்ணத்துக்குக் காசு இல்லை.

தயிருக்கு ஊரில் இருக்கும் கோப் சூப்பர் மார்க்கெட். சர்க்கரை சேர்க்காத தயிரில் 'நாட்டூர்' என்று போட்டிருக்கும். அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்தால் ஸ்ட்ராபெரித் தயிரில் சாதம் பிசைய நேரும். கடை மாலையிலேயே மூடிவிடும், ரோப் கார் விட்டு இறங்கியதும் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு சுவிஸ் ஃபிராங்க் நம் நூறு ரூபாய்க்கு மேல். இதை மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டால் சாப்பாடு இறங்காது. தோராயமாகச் சொல்கிறேன்: ஃபோண்டூ ஓர் ஆளுக்கு 28 முதல் 35 ஃபிராங்க், ரோஷ்டி 20 முதல் 28, சூப் 10 முதல் 14, காப்பி 5, அரை லிட்டர் பீர் 7 முதல் 9. இருவர் மது இல்லாமல் இரவு சாப்பிட்டு எழுந்தால் 80 முதல் 100 ஃபிராங்க் வரை ஆகும். ஃபோண்டூவைப் பல இடங்களில் குறைந்தது இருவருக்கு என்றுதான் தருவார்கள்.

மிச்சம் பிடிக்க நான் செய்வது இதுதான். மதியம் கோப்பில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கி மலையைப் பார்த்தபடி பெஞ்சில் சாப்பாடு. இரவில் மட்டும் உணவகம். அல்லது மதியம் 'டாகெஸ்டெல்லர்' என்கிற அன்றைய தட்டு, சூப்போ சாலடோ சேர்த்து இரவு விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

தண்ணீருக்கும் காசா? டிப்ஸ் எவ்வளவு?

"தண்ணீர்" என்று மொட்டையாகக் கேட்டால் பாட்டில் வரும், ஐந்தாறு ஃபிராங்க் போகும். "ஹானென்வாஸர்" என்றால் குழாய்த் தண்ணீர். அதற்கும் சில இடங்களில் சின்னத் தொகை போடுவார்கள். முறைக்காதீர்கள், வழக்கம் அது. தெருவில் உள்ள ஊற்றுத்தொட்டியில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம், 'கைன் ட்ரிங்க்வாஸர்' (குடிநீர் அல்ல) என்ற பலகை இல்லாத வரை.

டிப்ஸ் 1974 முதல் விலையிலேயே அடக்கம். திருப்தி என்றால் 47ஐ 50 ஆக்கிக் கொடுங்கள், போதும்.

மலை உச்சியில் சுழலும் உணவகம் இருக்கிறதாமே?

இருக்கிறது. மியூரனிலிருந்து ரோப் காரில் பிர்க் வழியாக 2,970 மீட்டர் உயரமுள்ள ஷில்ட்ஹார்ன் உச்சிக்குப் போனால் பிட்ஸ் குளோரியா. 1969இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் கோட்டையாக வந்தது இந்தக் கட்டடம்தான். கட்டி முடிக்கப் பணம் போதாமல் இருந்த நேரத்தில் படக்குழு வந்து உள் அலங்காரத்துக்குச் செலவு செய்து படம் எடுத்தது. பெயரும் கதையிலிருந்து வந்ததுதான்.

அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் போங்கள். வானம் தெளிவாக இருப்பது பெரும்பாலும் காலையில்தான், மதியத்துக்கு மேல் கோடையில் மேகம் ஏறிவிடும். மேகத்துக்குள் சுற்றினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ருசி சுமார், காசு கொடுப்பது காட்சிக்கு. இரவு உணவுக்கு அங்கே போகலாம் என்று நினைக்காதீர்கள், சிறப்பு நிகழ்ச்சி இல்லாத நாட்களில் மாலையிலேயே எல்லாரும் இறங்கிவிட வேண்டும். கிளம்பும் முன் ஷில்ட்ஹார்ன் உச்சியின் நேரடிக் கேமராவைப் பாருங்கள், ஊர் டிவிகளில்கூட ஓடும்.

நடந்துபோய்ச் சாப்பிடுகிற மாதிரி இடம் உண்டா?

மியூரனின் நல்ல சாப்பாடு பாதி ஊருக்கு வெளியேதான். குட்டி ரயில் வழியில் உள்ள வின்டரெக்கில் கோடைக்காலத்தில் அங்கேயே மாட்டுப்பாலில் சீஸ் செய்கிறார்கள். மியூரனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம், பெரும்பாலும் சமதளம், முட்டிவலி உள்ளவர்களும் வரலாம். பழைய சீஸைக் காகிதம் மாதிரி இழைத்துச் சுருட்டித் தருவது 'ஹோபல்கேஸெ', அதைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட பிறகு நடக்க மனமில்லாவிட்டால் ரயில் அங்கேயே நிற்கும்.

அல்மென்ட்ஹூபெல் மேட்டுக்கு இழுவை ரயில் இருக்கிறது, 1912இல் தொடங்கியது. பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு அது புதிதாக இருக்காது. மேலே உணவகமும் குழந்தைகள் விளையாட இடமும் உண்டு. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய ஒரே இடம் என்பேன்.

கீழ்நோக்கி அரைமணி நடந்தால் கிம்மெல்வால்ட். நூற்றுச் சொச்சம் பேர் வாழும் குக்கிராமம், மாட்டு மணிச்சத்தம்தான் போக்குவரத்துச் சத்தம். அங்கே ஒரு ஹாஸ்டல் இருக்கிறது, உலகின் எல்லா மூலையிலிருந்தும் வந்த இளைஞர்கள் மொட்டைமாடியில் பீட்சாவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆளில்லாத கடை ஒன்றும் உண்டு. வேண்டியதை எடுத்து, விலையைப் பார்த்துக் காசைப் பெட்டியில் போட வேண்டியதுதான். சில்லறை கொண்டு போங்கள்.

'நைட்லைஃப்' என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அது தொடங்குவது சாயங்காலம் நாலு மணிக்கு. பனிக்காலத்தில் மலையிலிருந்து சறுக்கி இறங்கிய கையோடு, அந்தக் கனமான பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மொட்டைமாடிகளில் உட்கார்ந்துவிடுவார்கள். கையில் சூடான மசாலா ஒயின், அல்லது 'காஃபி லுட்ஸ்'. கண்ணாடிக் கோப்பையில் நீர்த்த காப்பி, சர்க்கரை, சாராயம் கலந்தது. ஆறு மணிக்குள் அந்தக் கூட்டம் கலைந்து குளிக்கப் போய்விடும். பிறகு சாப்பாடு. அதற்குப் பிறகு மிஞ்சுவது சில பார்கள்.

ஷ்டேகர்ஷ்டூப்லி உள்ளூர்க்காரர்கள் வந்துபோகும் பழைய மரக்கூடம். ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள ஐகர் ஓட்டலின் பார் கொஞ்சம் உடுத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு. புளூமென்டால் ஓட்டலின் அடித்தளத்தில் பாட்டும் ஆட்டமுமாக ஓர் இடம் உண்டு, அதுவும் பனிக்கால சீசனில்தான். எந்த வருடம் எது எத்தனை மணிவரை என்பது மாறிக்கொண்டே இருக்கும், அன்றைக்கு ஓட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை ஜூலை இரவில் நான் போன பாரில் மொத்தம் ஏழு பேர். நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரோப் கார் ஓட்டுபவர், காலையில் எங்களை ஏற்றி வந்தவரேதான். பத்தரைக்கு அவர் எழுந்ததும் பார்க்காரர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கத் தொடங்கினார். முதல் ரோப் காருக்கு அவர் எழ வேண்டுமே.

டிஜே, விடியும்வரை ஆட்டம் எல்லாம் வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் இஷ்கிள், சாங்க்ட் ஆன்டன் பக்கம் போக வேண்டும். அருகிலேயே வேண்டுமென்றால் இன்டர்லாக்கன், சுமாராக வேண்டுமென்றால் லௌட்டர்புருன்னனில் ஹார்னர் பப். பேச்சிலர் பார்ட்டிக்கு மியூரனைத் தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தை எனக்குத் தெரியும். இரண்டாம் நாளே மூட்டையைக் கட்டினார்கள். இங்கே இரவு பத்துக்கு மேல் தெருவில் சத்தம் போட்டால் சன்னல் திறக்கும்.

எப்போதுமே இப்படித்தானா?

ஜனவரியில் ஒரு வாரம் மட்டும் இல்லை. 1928இலிருந்து நடக்கும் இன்ஃபெர்னோ பனிச்சறுக்குப் போட்டி. ஷில்ட்ஹார்னிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கிச் சுமார் 15 கிலோமீட்டர், சுமார் 1,850 பேர் ஒருவர் பின் ஒருவராக. பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்ல, அலுவலகம் போகிற ஆட்கள். அந்த வாரம் ஊரில் ஒரு கட்டில்கூடக் கிடைக்காது. தீப்பந்த ஊர்வலம், சாத்தானின் உருவத்தைக் கொளுத்துவது, குடி, பாட்டு என்று ஊரே வேறு ஊராகிவிடும்.

போட்டியைத் தொடங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1910-11 பனிக்காலத்தில் ஹென்றி லன் என்பவர் கேட்டுக்கொண்டதால்தான் மலை ரயில் முதன்முதலாகப் பனிக்காலத்திலும் ஓடியது. அவர் மகன் ஆர்னால்ட் லன் 1922இல் இங்கே முதல் நவீன ஸ்லாலம் பந்தயத்தை (கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்குவது) அமைத்தார், 1924இல் கண்டஹார் என்ற பனிச்சறுக்குக் கிளப்பைத் தொடங்கினார். பார்ச் சுவர்களில் ஆங்கிலப் பெயர்களோடு மங்கிய புகைப்படங்கள் தொங்குவது இதனால்தான்.

ஆகஸ்ட் 1 இன்னொரு நல்ல நாள். சுவிஸ் தேசிய தினம். இருட்டியதும் எதிர்மலைகளில் ஆங்காங்கே சொக்கப்பனை மாதிரி தீ எரியும். கையில் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டிலும் குளிரும்.

குடிக்காதவர்கள் இரவில் என்ன செய்வது?

ரிவெல்லா குடித்துப் பாருங்கள், பால் திரிந்த மோர்த்தெளிவிலிருந்து செய்கிற சோடா, 1952 முதல் இருக்கிறது. பாதிப் பேருக்குப் பிடிக்கும், பாதிப் பேர் பாட்டிலை என்னிடம் தள்ளிவிடுவார்கள். பிறகு ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நடை, இருபது நிமிடம். நிலா இருந்தால் மூன்று மலையும் நீலமாக நிற்கும். எதிர்ப்பக்கம் எங்கோ பனிச்சரிவு இறங்கும் சத்தம் தூரத்து இடி மாதிரி கேட்கும்.

இரவில் பெண்கள், குழந்தைகள் வெளியே நடக்கலாமா?

தாராளமாக. பயப்பட வேண்டியது மனிதர்களுக்கு அல்ல, பனிக்கட்டிக்கு. டிசம்பர் முதல் மார்ச் வரை பாதை கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். சாதாரண ஷூவோடு சாப்பிடக் கிளம்பி மணிக்கட்டைப் பிசகவிட்டவர் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஷூவின் மேல் மாட்டுகிற முள்பட்டை விளையாட்டுக் கடையில் கிடைக்கும். கைவிளக்கும் வேண்டும்.

லௌட்டர்புருன்னனில் மலிவாகத் தங்கி, மியூரனில் சாப்பிட்டுவிட்டு இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் கடைசி வண்டி நேரத்தைச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் பாருங்கள், இனிப்பு வந்த பிறகு அல்ல. குரூட்ச்ஆல்ப் வழி வேறு நேரத்தில் நிற்கும், ஷ்டெக்கல்பெர்க் வழி வேறு நேரத்தில். ஷ்டெக்கல்பெர்க்கில் இறங்கினால் லௌட்டர்புருன்னனுக்குப் பேருந்தும் இருக்க வேண்டும். சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி (SBB) செயலியில் மூன்றையும் சேர்த்துக் காட்டும். தவறவிட்டால் இருட்டில் காட்டுப்பாதையில் எண்ணூறு மீட்டருக்கு மேல் இறக்கம், அந்த யோசனையே வேண்டாம். அதற்குப் பதில் மேலே மியூரனிலேயே ஓர் அறை எடுத்துவிடலாம்.

ரைஸ் குக்கர் கொண்டு வரலாமா?

எல்லோரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. ஓட்டல் அறை என்றால் வேண்டாம், சமைக்க அனுமதி கிடையாது, புகை உணர்வி கூவினால் ஊரே எழும். சமையலறையோடு கூடிய வாடகை வீடு என்றால் குக்கரே தேவையில்லை, அடுப்பும் பாத்திரமும் இருக்கும், கோப்பில் பாஸ்மதியும் கிடைக்கும். நம் மூன்று முனை பிளக் இங்குள்ள துளையில் நுழையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊறுகாய் பாட்டிலும் பருப்புப் பொடியும் மட்டும் எடுத்து வாருங்கள், ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி.

எனக்கும் ஒரு பாட்டில். எலுமிச்சை வேண்டாம், மாவடு.